வட்டத்துக்குள் ஒரு வாய்

மார்ச் 3, செவ்வாய்

காலை முழுக்க சோப்பு விளம்பரம், மதியத்துக்கு மேல் முயல். சோப்புக்குக் குழைந்து பேச வேண்டும், கார்ட்டூன் முயலுக்கு மூக்கால் பேச வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வீட்டுக்குப் போன் செய்து, மழை வருகிறது, துணியை எடுங்கள் என்று கத்தினேன். அந்தக் குரலை மட்டும் இதுவரை எந்தக் கம்பெனியும் கேட்டு வரவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது டிவியில், நான் டப்பிங் பேசிய இரண்டாம் பாகத்தின் முன்னோட்டம். பேய்ப் படம், மகள் பார்க்கக் கூடாது என்று வீட்டுக்காரர் ரிமோட்டைத் தேடுவதற்குள் உள்ளறையிலிருந்து சத்தம்: "அம்மா, நீதானே அது!" வசனமே வரவில்லை, ஒரு மூச்சுதான் வந்திருந்தது. இது எங்கள் வீட்டு விளையாட்டு. லிஃப்டில் மாடி எண் சொல்கிறவள், பஸ்ஸில் இறங்குமிடம் சொல்கிறவள், பற்பசை விற்கிறவள் — நானாக இருந்தால் உடனே பிடித்துவிடுவாள். குரலை எப்படி மாற்றினாலும் அவளிடம் என் பாச்சா பலிக்காது. பதினோரு வயதுக்கு அநியாயக் காது.

வெள்ளிக்கிழமை படம் வருகிறது. நாயகியை மாற்றிவிட்டார்கள். முதல் பாகத்தில் நடித்தவள் இந்த முறை ஒத்துவரவில்லையாம்; புதிதாக ஒரு பெண். முதல் பாகத்தில் பழையவளுக்குப் பேசியது நான். வெளியே சொல்லக் கூடாது என்று அப்போதே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அவளும் பேட்டிக்குப் பேட்டி "என் சொந்தக் குரல்தான்" என்று சொல்லி, அதற்கு ஒரு பரிசும் வாங்கிவிட்டாள். இப்போது படமெடுத்த கம்பெனி வேறு, டைரக்டர் வேறு. அவர்களுக்கே இது தெரியாது. அந்தப் பழைய ஆட்களை விட்டால் தெரிந்தவர்கள் நான், என் வீட்டுக்காரர், சவுண்ட் இன்ஜினியர் கத்தரி. (மூச்சு, இருமல், எச்சில் சத்தம் ஒன்றையும் விடாமல் வெட்டுகிறவன், அதனால் கத்தரி.) பழைய குரலுக்குக் கிட்டத்தட்ட வரும் என்று சொல்லி இந்தப் படத்துக்கும் அவன்தான் என்னைக் கூப்பிட்டான். கிட்டத்தட்டவாம்!

எனக்கு ஒரே குறுகுறுப்பு. இரண்டு முகத்துக்கு ஒரே குரல். ஜனங்கள் கண்டுபிடிப்பார்களா, மாட்டார்களா? இன்னொன்று, புதுப் பெண்ணைப் புகைப்படத்தில் பார்த்ததோடு சரி. கதை கசிந்துவிடும் என்று பயந்து, டப்பிங்குக்குக் கொடுத்த பிரதியில் திரை முழுக்கக் கறுப்பு அடித்துவிட்டார்கள். நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு வாய். யாரிடம் பேசுகிறாள், எங்கே நிற்கிறாள், ஒன்றும் தெரியாது. ஒரு வாரம் அந்த வாயோடு குடித்தனம் நடத்தினேன். மீதி முகத்தை வெள்ளிக்கிழமை பார்க்கலாம்.

மார்ச் 6, வெள்ளி

நாத்தனாரோடு முதல் காட்சி. அவளுக்குச் சொந்தமாக அழகு நிலையம் இருக்கிறது. பேய்ப் படம் வந்தால் கடையை உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள். இரண்டாம் பாகத்துக்கு நான் பேசியிருப்பது அவளுக்குத் தெரியும். முதல் பாகம் தெரியாது.

முதல் பாகம் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு இடம் போதும். பூட்டிய அறைக்குள் மனைவி அழுகிற சத்தம். கணவன் தாழ்ப்பாளில் கை வைக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் மனைவி வந்து நிற்கிறாள். "திறக்க வேண்டாம். உள்ள இருக்கறது நான் இல்ல." அன்றைக்குத் தியேட்டரில் யாரும் மூச்சுவிடவில்லை. இந்தப் படத்திலும் அதே கதவு வருகிறது, அதே வசனம் வருகிறது.

இன்று அந்த இடத்தில் பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

உண்மையைச் சொன்னால் நான் படத்தை எங்கே பார்த்தேன்? கழுத்து வலிக்கத் திரும்பித் திரும்பி ஜனங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்தவன் யார் என்று தேடியதில் அந்தக் காட்சியே போய்விட்டது. திரையைப் பார்த்த கொஞ்ச நேரமும் பழக்க தோஷம், கண் நேராக வாயில் போய் ஒட்டிக்கொள்கிறது.

இடைவேளையில் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நல்லாத்தான் பேசியிருக்கீங்க. ஆனா அந்தப் பழைய பொண்ணு குரல்ல ஒரு நடுக்கம் இருக்கும் பாருங்க, அது உங்களுக்கு வரல. அதெல்லாம் கூடப் பொறந்தது, கத்துக்க முடியாது."

கொறித்துக்கொண்டிருந்த கடலை தொண்டையில் மாட்டிக்கொண்டது. அவளே முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

மார்ச் 7, சனி

விடிந்ததிலிருந்து போனும் கையுமாக இருக்கிறேன். யார் யாரோ எழுதியிருக்கிறார்கள், ஒன்றையும் விடவில்லை.

"பழைய நாயகி மூச்சு விட்டாலே பயம். புதியவர் கத்தினாலும் கொட்டாவி."

"கதை பரவாயில்லை. குரல்தான் யாரோ வாடகைக்குப் பேசிய மாதிரி."

"முதல் பாகத்துக் குரலைத் திருப்பிக் கொடுங்கள், வேறு எதுவும் வேண்டாம்."

ஒருவர் இருக்கையில் மூட்டைப்பூச்சி என்று மூன்று பத்தி எழுதிவிட்டு, படம் பிரமாதம் என்று முடித்திருந்தார். இன்னொருவர்: "புதுப் பெண்ணின் கண்கள் ஒரு படத்தில் நடிக்கின்றன, குரல் வேறு படத்தில்." அப்பா, என்ன சாமர்த்தியமான வாய். போகட்டும்.

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை, ஆச்சரியமாக இருக்கிறது. என் குரலை வைத்தே என் குரலை அடிக்கிறார்களே!

மார்ச் 8, ஞாயிறு

கண்ணாடி முன் நின்று அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். அதே நடுக்கம் வருகிறது. பிறகென்ன குறை?

மார்ச் 10, செவ்வாய்

கத்தரி போன் செய்தான். எடுத்ததும் சிரித்தான், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்.

கம்பெனியில் கூட்டம் நடந்ததாம். அடுத்த மாதம் படம் ஓடிடியில் வீட்டுத் திரைக்கு வரப்போகிறது. அதற்குள் நாயகியின் குரலை மட்டும் வேறு யாரையாவது வைத்து மாற்றிவிடலாம் என்று பேசியிருக்கிறார்கள். மூன்றாம் பாகத்துக்கும் அந்த வேறு யாரோதான். புதுப் பெண்ணையே மாற்றிவிடலாம் என்றும் ஒருவர் சொன்னாராம்.

"இன்னொண்ணு கேளுங்க அக்கா. டைரக்டர் பழைய நாயகிக்கே போன் போட்டு, நடிக்க வேண்டாம், குரல் மட்டும் குடுங்கன்னு கேட்டிருக்காரு."

"அய்யோ! அவ என்ன சொன்னா?"

"தேதி இல்லையாம்."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அவன் ஒன்று சொன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவு வசனம் பேச வேண்டிய அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. நான் ஏதோ ஒப்பேற்றிவிட்டு வந்தேன். அவனுக்குத் திருப்தியில்லை. முதல் பாகத்தில் நான் பேசியதையே எடுத்து ஒட்டிவிட்டானாம். உதட்டசைவுக்கும் அச்சாகப் பொருந்தியதாம்.

"அதாவது அன்னிக்குக் கேட்டது, இன்னிக்குக் கேட்டது ரெண்டும்..."

"ஒரே டேக் அக்கா. மூச்சுகூட மாறல. கையெழுத்தாவது ஒண்ணாவது, வாயத் திறந்து சொல்லுங்க. நான் ரெண்டையும் போட்டுக் காட்டறேன். அவங்க மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பார்க்கணும்."

கொஞ்சம் பொறு, ஏன் சிரித்தார்கள் என்று முதலில் கண்டுபிடிக்கிறேன் என்றேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார்.

"வேலை போகப் போகுதுங்கறான். நீ ஆராய்ச்சி பண்ணப் போறேங்கறே."

பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். சோப்புக்கும் முயலுக்கும் குறைவில்லை. ஆனால் நாற்பதைத் தாண்டிய பிறகு எங்களை அம்மாவுக்கும் மாமியாருக்கும்தான் கூப்பிடுவார்கள். ஒரு படம் முழுக்க அழுது, ஓடி, ஒளிந்து, திரும்பி நின்று பேசுகிற வேஷம் எனக்கு இது ஒன்றுதான் கிடைத்தது. அதை விட மனசில்லை. ஆனாலும் முதலில் எனக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். ஒரே டேக். ஒன்றுக்கு உறைந்து போனார்கள், இன்னொன்றுக்குச் சிரித்தார்கள். ஏன்?

மார்ச் 11, புதன்

முயல் இன்று ரொம்பச் சோகமாகப் பேசுகிறது என்றார்கள். மூன்று தடவை திரும்பப் பேசினேன்.

மார்ச் 14, சனி

நாத்தனாரின் அழகு நிலையத்தில் ஒரு பரீட்சை வைத்தேன். எனக்கே சிரிப்பாக இருக்கிறது, ஆனால் எழுதி வைக்க வேண்டும்.

சனிக்கிழமை என்பதால் நல்ல கூட்டம். கதவு வசனத்தைக் கத்தரியிடமிருந்து போனில் வாங்கி வைத்திருந்தேன். ஒரே துண்டு. "இது பழசு" என்று சொல்லி ஒரு தடவை போட்டேன். "இது புதுசு" என்று சொல்லி அதையே மறுபடி போட்டேன்.

"முதல்ல போட்டீங்களே, இதப் பாருங்க, முடி நட்டுக்கிச்சு," என்று ஒருத்தி கையை நீட்டிக் காட்டினாள். அவள் கையில் அப்போதுதான் முடி எடுத்திருந்தார்கள்.

"ரெண்டாவது உயிரே இல்ல. செய்தி வாசிக்கற மாதிரி."

"பார்த்தீங்களா அண்ணி? நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

பிறகு வந்தவர்களிடம் மாற்றிச் சொன்னேன், முதலாவது புதுசு, இரண்டாவது பழசு என்று. தீர்ப்பும் அப்படியே குப்புறப் புரண்டது. இரண்டாவதுதான் உயிராம்.

மூலையில் ஒரு அம்மாள் முகம் முழுக்கக் களிம்பு பூசி, கண்மேல் வெள்ளரி வைத்துப் படுத்திருந்தார். அவர் படுத்தபடியே கேட்டார்: "ஏம்மா, ஒண்ணையே எதுக்குத் திரும்பத் திரும்பப் போடறீங்க?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். படம் பார்த்தீர்களா என்று கேட்டேன். பேய்ப் படமெல்லாம் பார்ப்பதில்லை, முதல் பாகமும் பார்த்ததில்லை என்றார். "அதான் ஆன்ட்டிக்கு வித்தியாசம் தெரியல," என்று எல்லோருமாக முடிவுகட்டிவிட்டார்கள்.

எனக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. படம் பார்த்தவர்களுக்குக் காதுக்குள்ளேயே ஒரு முகம் வந்துவிடுகிறது. பழைய முகத்தோடு கேட்டால் பயம், புது முகத்தோடு கேட்டால் சிரிப்பு. அப்படியானால் சங்கதி என் தொண்டையில் இல்லை. அந்த முகத்தில் ஏதோ இருக்கிறது. ஆனால் என்ன?

புதுப் பெண்ணுக்கு நடிக்கத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் எனக்குச் சௌகரியம். அதை நான் கண்ணால் பார்க்காமல் எப்படிச் சொல்வது?

மார்ச் 16, திங்கள்

மதியம் அவருக்குச் சாப்பாடு கொடுக்கக் கடைக்குப் போனேன். மூக்குக்கண்ணாடிக் கடை. ஒரு பெரியவரின் ஒரு கண்ணை அட்டையால் மறைத்து, எழுத்து வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் ரெண்டு கண்ணாலும் படிக்கிறேனே என்று முரண்டு பிடித்தார்.

"ரெண்டையும் திறந்து வெச்சா நல்ல கண்ணு கெட்ட கண்ணுக்கு முட்டுக் குடுத்துடும் சார். எதுல கோளாறுன்னு தெரியாது."

அங்கேயே சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டுக் கிளம்பினேன். மருந்துக் கடையில் பஞ்சு வாங்கினேன். நேராகத் தியேட்டர்.

திங்கட்கிழமை மதியக் காட்சிக்கு ஆளே இல்லை. இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, மேலே துப்பட்டாவையும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். டிக்கெட் கிழிப்பவர் நான் ரொம்பப் பயந்தவள் என்று நினைத்து, "வாசல் பக்கமா உக்காருங்கம்மா," என்றார்.

வாயைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். கண்ணைப் பார். தோளைப் பார். கழுத்தைப் பார்.

அடிப்பாவி, நான் இத்தனை நாள் யாருக்குப் பேசிக்கொண்டிருந்தேன்?

பழையவள் பயந்தால் வாய் முதலில் திறக்கும், மூச்சு சத்தமாக உள்ளே போகும், பிறகுதான் பேச்சு. இந்தப் பெண் வாயை மூடிக்கொள்கிறாள். மூக்கால் மெதுவாக இழுக்கிறாள், கழுத்து நரம்பு ஒன்று எழும்பி அடங்குகிறது, பயத்தை முழுங்கிவிட்டுத்தான் பேசுகிறாள். படம் முழுக்க அப்படித்தான். அந்த முகத்துக்குமேல் நான் ஓவென்று நடுங்கி வைத்திருக்கிறேன்.

கதவுக் காட்சி வந்தது. தாழ்ப்பாளில் இருப்பது கணவன் கையில்லை. ஒரு குழந்தையின் கை. ஐந்து வயதுச் சின்னப் பெண், கால் விரலில் எக்கி நிற்கிறாள். தாய்க்காரி குனிந்து அவளைப் பார்த்துச் சொல்கிறாள். கண்ணில் நீர் நிற்கிறது, முகம் மட்டும் லேசாகச் சிரிக்கப் பார்க்கிறது — குழந்தை மிரண்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் அவள் கவலை. சூடான பாத்திரத்தைத் தொடாதே என்று சொல்வோமே, அந்த முகம். அதன்மேல் புருஷனிடம் பேசிய பழைய நடுக்கத்தை ஒட்டினால்? சிரிக்காமல் என்ன செய்வான் பாவம், பின்வரிசைக்காரன்.

வட்டத்துக்குள் வாய் மட்டும் தெரிந்தது. மீதி முகத்தை நானே போட்டுக்கொண்டேன், பழையவள் முகத்தை. ஒரு படம் முழுக்க இல்லாத ஆளுக்குப் பேசியிருக்கிறேன்!

வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், சந்தோஷமாக இருந்தது. வெளியே வந்தும் பஞ்சை எடுக்க மறந்து, ஒரு ஆட்டோக்காரரிடம் நன்றாகத் திட்டு வாங்கினேன்.

மார்ச் 18, புதன்

டைரக்டரைப் போய்ப் பார்த்தேன். சின்ன வயது, நிற்க நேரமில்லாத மனிதர். கத்தரி மடிக்கணினியோடு கூடவே வந்தான். இரண்டு வசனத்தையும் போட்டுக்காட்டத் தயாராக விரலை வைத்துக்கொண்டு எனக்குக் கண் ஜாடை காட்டினான். வேண்டாம் என்று தலையாட்டினேன். அதைப் போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். எல்லோர் மூக்கும் உடைந்திருக்கும். ஆனால் அந்தக் குரல் அந்தப் பெண்ணுக்குப் பொருந்தவில்லை என்பது மாறாதே.

"ஜனங்க பழைய குரலைக் கேக்கறாங்க மேடம். நான் என்ன பண்ண?"

"அவங்க கேக்கறது பழைய குரல் இல்ல சார். இந்தப் பொண்ணோட குரல். அது படத்துலயே இல்ல, அதனாலதான் பழசைக் கேக்கறாங்க."

"அவங்களையே பேச வெச்சுப் பார்த்தாச்சு. மைக்கப் பார்த்தாலே ஸ்கூல்ல பாட்டு ஒப்பிக்கற மாதிரி ஆயிடறாங்க."

"நான் பேசறேன். ஆனா முழு முகத்தையும் காட்டுங்க. வட்டம் வேண்டாம். அந்தப் பொண்ணும் கூட இருக்கட்டும்."

நீங்கள்தானே ஏற்கெனவே பேசியது, மறுபடி பேசினால் மட்டும் என்ன மாறிவிடும் என்றார். நியாயமான கேள்வி. எனக்கே உறுதியாகத் தெரியாது, பார்த்துவிட வேண்டும் என்று இருக்கிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு காட்சி, கதவுக் காட்சி மட்டும் என்றார். சரிவராவிட்டால் வேறு இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள்.

படி இறங்கும்போது கத்தரி பொரிந்து தள்ளினான். "கையில துருப்புச் சீட்ட வெச்சுக்கிட்டு யாராவது ஆட்டத்த விடுவாங்களா அக்கா?"

மார்ச் 19, வியாழன்

குளிக்கும்போது, துணி மடிக்கும்போது, மூக்கால் மூச்சு விட்டுப் பழகுகிறேன். சளி பிடித்திருக்கிறதா என்கிறாள் மகள்.

மார்ச் 24, செவ்வாய்

எங்கிருந்து தொடங்குவது!

புதுப் பெண் எனக்கு முன்னாலேயே ஸ்டூடியோவுக்கு வந்து, ஒரு ஓரமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஆளைப் பார்த்து உயரம் என்று நினைத்தேன், என் தோளுக்குத்தான் வருகிறாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"மேடம், ஸாரி. குரல் ஒட்டலன்னு எல்லாரும் சொல்றாங்க. நான்தான் உதட்டத் தப்பா அசைச்சுட்டேனோ?"

எனக்குச் சுருக்கென்றது. இவளும் ராத்திரி பகலாக அதே வரிகளைத்தான் படித்திருக்கிறாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

"உன் உதட்டுல ஒரு தப்பும் இல்லம்மா. நான்தான் உன்னப் பார்க்காமலே பேசிட்டேன். மேடம் எல்லாம் வேண்டாம், அக்கான்னு கூப்பிடு."

கதவுக் காட்சியில் என்ன நினைத்து நடித்தாய் என்று கேட்டேன். இதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லைபோல.

"அந்தக் குட்டிப் பொண்ணுக்கு அன்னிக்கு நிஜமாவே காய்ச்சல் அக்கா. என் தோள்லதான் தூங்கிட்டிருந்தா. அந்தக் கதவப் பார்த்தாலே அவளுக்கு நிஜமாவே பயம். நான் கொஞ்சம் சத்தம் போட்டாலும் அழுதுடுவா. அதனால பயத்த உள்ள வெச்சுக்கிட்டு, சும்மா சொல்ற மாதிரி சொன்னேன். தப்பா?"

"இல்லடி கண்ணு."

பேச நின்றேன். முதல் தடவை பழைய நடுக்கம் தானாக வந்தது. இரண்டாம் தடவையும் வந்தது. "பழசு வருது அக்கா," என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தரி சொல்லிக்கொண்டே இருந்தான். பரிசு வாங்கிக் கொடுத்த நடுக்கம். கூடப் பிறந்தது என்று நாத்தனார் சொன்ன நடுக்கம். போ என்றால் போகமாட்டேன் என்கிறது. எனக்கே ஆத்திரம் வந்துவிட்டது. டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

திரையை அணைக்கச் சொன்னேன். புதுப் பெண்ணை உள்ளே கூப்பிட்டு, மைக்குக்கு அந்தப் பக்கம் என் எதிரில் நிற்க வைத்தேன். "சத்தம் வராம, அன்னிக்குச் செஞ்சதையே செய். குழந்தை இங்க நிக்குது," என்று என் இடுப்பருகே கையைக் காட்டினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கழுத்து நரம்பு எழும்பியது, நானும் முழுங்கினேன். அடங்கியது, நானும் பேசினேன். "திறக்க வேண்டாம். உள்ள இருக்கறது நான் இல்ல." குரல் உயரவே இல்லை. எனக்கே பக்கத்து அறையில் யாரோ பேசியது போல் கேட்டது.

வழக்கமாகக் கத்தரி "இன்னொண்ணு அக்கா" என்பான். எத்தனை நன்றாக வந்தாலும் சொல்வான். இன்று சொல்லவில்லை. படத்தோடு சேர்த்து ஓட்டிக் காட்டினான். புதுப் பெண் என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்த இடம் இப்போதும் எரிகிறது.

"இது வேற யாரோ மாதிரி இருக்கே," என்றார் டைரக்டர்.

"வேற ஆள்தான் சார்."

அவர் வெளியே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்து, மொத்தப் படத்தையும் பேசிவிடுங்கள் என்றார்.

ஏப்ரல் 3, வெள்ளி

எல்லாம் பேசி முடித்தாயிற்று. தினமும் அவள் வந்து எதிரில் நின்றாள். மூன்றாம் பாகத்துக்கும் இருவரையுமே சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், சேர்த்துவிட்டார்கள்: டப்பிங் பிரதியில் முழு முகமும் தெரிய வேண்டும்.

இந்த முறை வெளியே சொல்லக் கூடாது என்றெல்லாம் ஒன்றும் போடவில்லை. "நான் பேட்டியில சொல்லப் போறேன் அக்கா, நீங்கதான் பேசினீங்கன்னு," என்றாள் அந்தப் பெண். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஆசை விடவில்லை.

"சொல்லு. ஆனா படம் வந்து ஒரு வாரம் பொறுத்துச் சொல்லு. தெரியாம இருக்கறப்போ என்ன பேசறாங்கன்னு நான் கேக்கணும்."

"உங்களுக்குக் கொழுப்பு அக்கா," என்றாள்.

ஏப்ரல் 10, வெள்ளி

இன்று வீட்டுத் திரைக்கு வந்துவிட்டது. நாத்தனார் பாதிப் படத்திலேயே போன்.

"அண்ணி, மனச விட்டுடாதீங்க. உங்க குரல மாத்திட்டாங்க. அந்தப் பொண்ணே பேசியிருக்கா. நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். கதவுகிட்ட வர்ற இடத்துல நான் அழுதுட்டேன். ஞாயித்துக்கிழமை கடைக்கு வாங்க, தலைக்கு எண்ணெய் தேய்ச்சு விடறேன்."

சரி என்றேன். எண்ணெய் தேய்ப்பை விடுவானேன்?

போனில் வந்தவை: "நல்லவேளை, வாடகைக் குரலைத் தூக்கிவிட்டார்கள்." "இவ்வளவு நல்ல குரலை வைத்துக்கொண்டு முதலிலேயே ஏன் பேசவில்லை?" "குழந்தையிடம் பேசும் இடத்தில் என் அம்மாவுக்குப் போன் செய்தேன்." சிலர் இன்னும் பழைய நாயகிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். இருக்கட்டும், அதுவும் என் வீட்டு வாசலுக்குத்தானே வருகிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

மத்தியானம் அவர் கூடத்தில் படம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் உள்ளறையில் வீட்டுப்பாடம். கதவை ஒருக்களித்துத்தான் வைத்திருந்தோம். நான் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவுக் காட்சி வந்தது. கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன், இதோ கத்தப் போகிறாள், இதோ பிடித்துவிட்டாள் என்று.

"திறக்க வேண்டாம். உள்ள இருக்கறது நான் இல்ல."

உள்ளறையில் சத்தமில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் காலடி கேட்டது. சமையலறை வாசலில் வந்து நின்றாள், கையில் பென்சில்.

"அம்மா, யாரு அது பேசறது?"

கூடத்தில் அவர் திரும்பிப் பார்த்தார்; அவர் முகத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது. "அந்தப் பொண்ணே பேசியிருக்குன்னு ஊரெல்லாம் சொல்றாங்க," என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். அவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்போ உன்னத் தூக்கிட்டாங்களா?"

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவள் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, என் இடுப்பைச் சுற்றிக் கை போட்டு இறுக்கிக்கொண்டாள்.

"பரவாயில்லம்மா. அந்த அக்கா நல்லாத்தான் பேசறாங்க. உனக்குத்தான் முயல் இருக்குல்ல?"

"ஆமா," என்றேன், "முயல் இருக்கு."